அகரவரிசையில் ஒரு சம்மதம்

ஒழுங்கானவர்களால் விளையும் கெடுதலை யாரும் எழுதிவைப்பதில்லை. எழுதிவைக்கும் பழக்கமே அவர்களிடம்தானே இருக்கிறது! முப்பது வருஷமாக டைரி எழுதுகிறவள் என்ற முறையில், என் பங்கை நானே ஒப்புக்கொள்கிறேன்.

என் தம்பி அருளுக்குப் பிறவியிலேயே கைகால் இறுக்கம். நாம் சொல்வதெல்லாம் புரியும். ஆனால் அவனுக்குப் பேச்சு வராது. புதுக்கோட்டையில் ஒரு பேச்சுப் பயிற்சி டீச்சர் அவனுக்கு டேப்லெட் பழக்கினார். திரையில் இருபத்து நான்கு படங்கள். ஒன்றைத் தட்டினால் அதற்குரிய வாக்கியத்தை அது பேசும் (கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரலில்).

ஒன்பது வருஷத்துக்கு முன், ஆவூரில் எங்கள் வீட்டிலேயே என் மகள் ஜெனிக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் தாய்மாமன் சபையில் சம்மதம் சொன்ன பிறகுதான் எங்கள் குடும்பத்தில் தட்டு மாற்றுவோம்.

"அருளு தலையாட்டுனாப் போதும். வார்த்தைய நான் சொல்லிக்கிறேன்" என்றார் பெரியப்பா மகன் சேவியர் அண்ணன்.

அருளுக்கு முகம் சிவந்துவிட்டது. டேப்லெட்டைத் தட்டினான்: "நான் பேசணும்."

டீச்சர் அவன் இடதுகை சுலபமாக எட்டும் மேல்மூலையில் "சம்மதம்" என்பதையும், அதற்கு அடுத்து "பொண்ணைத் தாரோம்" என்பதையும் வைத்துக்கொடுத்தார். மூன்று மாதம் பழகினான். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்பது அவன் ஆசை. அதனால் திரையைப் பார்க்காமலே தட்டப் படித்தான்.

"எடத்தை மட்டும் மாத்திடாதீங்கக்கா. அவரு தேடுறது கண்ணால இல்ல, கையால" என்றார் டீச்சர். அதைச் சிவப்பு மையில் டைரியில் குறித்துக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன்.

முந்தின நாள் மதியம், பலகாரத் தட்டுகளை உயர வரிசையில் அடுக்கி முடித்த சூட்டில், டேப்லெட்டைத் துடைக்க எடுத்தேன். "தாகமா இருக்கு" என்பதற்குப் பக்கத்தில் "முதுகு வலிக்குது". அதற்குக் கீழே "சர்ச்சுக்குப் போகணும்". இது என்ன வரிசை? அருள் முகம் மழிக்கப் போயிருந்தான். நாற்பது நிமிஷத்தில் இருபத்து நான்கையும் அகரவரிசையில் நிறுத்திவிட்டேன். (அத்தனை அழகாக இருந்தது!) பார்த்து அசந்துபோகட்டும் என்று அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் வீடு நிறைய ஜனம். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று டேப்லெட்டுக்கு முன்னால் மைக் வைத்ததும் நான்தான். ஜெபம் முடித்து உபதேசியார் கேட்டார்: "தாய்மாமன் சம்மதங்களா?"

அருள் நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தான். மூலையில் தட்டினான்.

"அவசரம். பாத்ரூம் போகணும்."

தெருமுனை ஸ்பீக்கர் வரை போயிற்று. திகைத்துப்போய் இன்னொரு முறை தட்டினான். மறுபடியும் பாத்ரூம். பதறி அடுத்த கட்டத்தைத் தட்டினான்.

"இது எனக்குப் பிடிக்கலை."

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "என்னங்க இது? பொண்ணு குடுக்க இஷ்டமில்லைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"அதான் நான் சொல்றேன்னேன்..." என்று சேவியர் அண்ணன் எழுந்தார். அருள் அவரை மறித்து இடதுகையை நீட்டினான். கண்ணில் நீர் முட்டியிருந்தது. அந்தக் கூடத்தில் உண்மையிலேயே பேச்சில்லாமல் நின்றது நான் ஒருத்திதான்.

மாப்பிள்ளைதான் கீழே சம்மணமிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "மெதுவாத் தேடுங்க மாமா. நாங்க எங்கிட்டும் போகல."

அருள் குனிந்து, ஒவ்வொரு படமாகத் தேடினான். கடைசியில் நிமிர்ந்து, மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தபடியே தட்டினான்.

"சம்மதம்."

கைதட்டல் அடங்கும் முன் இன்னொன்றையும் தேடிப்பிடித்தான். "தொடாதீங்க" என்றது டேப்லெட். அவன் கை என்னைக் காட்டியது. சம்பந்தி உட்பட அத்தனை பேரும் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுவாரம் டீச்சர் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு மாற்றினார். தட்டு மாறிவிட்டதால் "சம்மதம்", "பொண்ணைத் தாரோம்" இரண்டுக்கும் இனி வேலை இல்லை; மேல்மூலை காலி. அங்கே "தொடாதீங்க" வேண்டும் என்று கேட்டு வாங்கினான் அருள். நான் அலமாரிப் பக்கம் போனாலே அது பேசும். மருமகன் துபாயிலிருந்து போன் செய்தால் முதல் கேள்வி, "அத்தை, இன்னைக்கு என்னத்தை அடுக்குனீங்க?"

போன வருஷம் பேத்தியின் பொம்மைகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அதுவரை "ம்மா"வைத் தாண்டாத குழந்தை தவழ்ந்து வந்து என் கையைப் பிடித்தது. அதே கிணற்றுக் குரலில் சொன்னது:

"தொதாதீங்க."

அருள் சிரித்த சிரிப்பில் டேப்லெட் மடியிலிருந்து விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். துடைக்கவில்லை.