ஈரக் கல்லறையும் பின்பக்க வேலியும்

இந்த ஆல்பத்தில் மருந்துக்கும் சிரிப்பு இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். எங்கள் இசைக்குழுவின் பெயர் 'ஈரக் கல்லறை'. ப்ளூஸின் அழுகையும் பங்க் ராக்கின் ஆத்திரமும் கலந்து பாடுவோம். மெல்பர்ன் பப்களில் எங்களைக் கேட்டுவிட்டு இரண்டு பேராவது வெளியே போய் அழ வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய கச்சேரி தேறவில்லை என்று அர்த்தம். நான்தான் பாடகன். நாதியற்றவன், வீடற்றவன், கேட்க ஆளற்றவன். மேடையில்.

வீட்டில் கிளெனிஸின் கணவன்.

பின்பக்க வேலிக்கு அடிக்கச் சொல்லி அவள் பெயின்ட் வாங்கி வைத்து ஒரு கோடை போய் மறு கோடையும் வந்துவிட்டது. ஆல்பம் முடியட்டும் என்று நானும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பதிவு எங்கள் கராஜில்தான். எனக்கென்று ஒரு சட்டம் உண்டு. எந்தப் பாட்டும் ஒரே தடவைதான். தப்போ தும்மலோ, விழுந்தது விழுந்ததுதான். திருத்திப் பாடுகிறவன் துக்கத்தை நடிக்கிறான் என்று பத்திரிகைக்காரர்களிடம்கூட அளந்துவிட்டிருக்கிறேன். அதனால் அந்தச் சனிக்கிழமை வீட்டில் சத்தமே கூடாது. ஜீலாங் ஊரில் இருக்கும் அக்காவைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று கிளெனிஸிடம் தேன் ஒழுகச் சொன்னேன்.

"எங்க அக்கா வந்தாலே நீ கராஜ்ல போய் ஒளிஞ்சுக்குவ. இப்ப என்ன திடீர்ப் பாசம்?"

"பாவம், தனியா இருக்காங்களேன்னுதான்..."

"சரி, போறேன்."

மறுபேச்சே இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். அக்காவுக்காக அவள் செய்த பாவ்லோவா கேக்கை நானே காரில் ஏற்றிக்கொடுத்து, கையும் அசைத்தேன்.

கடைசிப் பாட்டுவரை எல்லாம் நன்றாகவே போனது. 'என் கதவை யாரும் திறப்பதில்லை.' ஆல்பத்தின் பெயரும் அதுதான். நடுவில் எல்லா வாத்தியமும் நின்று நீண்ட மௌனம் வரும். பிறகு நான் அலற வேண்டும். அந்த மௌனம் வந்தது. டிரம்ஸ் வாசிக்கும் வாரன் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான்.

கராஜ் கதவு திறந்தது.

"டெஸ், வேலிக்கு எப்ப பெயின்ட் அடிக்கப் போற?"

"ஞாயித்துக்கிழமைம்மா," என்றேன். மைக்கில். கல்யாணமான நாளிலிருந்து ஊறிப்போன பதில், வாய் தானாகவே சொல்லிவிட்டது.

கேக்கை மறந்துவிட்டதால் பாதி வழியில் திரும்பி வந்ததாகச் சொல்லிவிட்டு அவள் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள். நான் அலறினேன். என் வாழ்நாளிலேயே நடிக்காத அலறல் அதுதான்.

இன்னொரு தடவை எடுக்கலாம் என்று வாரனிடம் கெஞ்சினேன்.

"உன் சட்டம்தானேடா. விழுந்தது விழுந்ததுதான்."

ஆல்பம் வெளிவந்தது. முதல் கச்சேரியில் அந்த மௌனம் வந்ததும், கழுத்துவரை பச்சை குத்திய தடியன்களும் கறுப்பு உதட்டுச்சாயப் பெண்களும் ஒரே குரலில் வேலியைப் பற்றி விசாரித்தார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமை என்றேன். அப்புறம் தெருவில், கடையில், பல் டாக்டரிடத்தில்கூட இன்னுமா அடிக்கவில்லை என்று கேட்க ஆரம்பித்தார்கள். மானம் போகிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்தும் விட்டேன்.

பிரஷ்ஷை நனைக்கும்போதுதான், அன்று கேக்கை நானே காரில் ஏற்றிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கிளெனிஸ் டீயோடு நின்றிருந்தாள்.

"அன்னைக்கு வெளியே நின்னு எல்லாப் பாட்டும் கேட்டேன் டெஸ். அழுகையே வந்துடுச்சு."

எந்தப் பத்திரிகையும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் டீயை என் கையில் கொடுத்தாள்.

"அடுத்த ஆல்பம் எப்ப? பாத்ரூம் குழாய் ஒழுகுது."