தொண்ணூறு டிகிரி தள்ளி ஒருத்தி

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால், நான் போனை எடுத்த உடனே என் வீட்டுக்காரருக்கு அந்த அறையில்தான் ஏதாவது வேலை வந்துவிடும். அதனால் கடிதம். பொடி எழுத்தாக இருக்கிறதே என்று திட்டாதே, சொல்ல நிறைய இருக்கிறது, கையில் தாள் இரண்டுதான். உனக்கென்ன, கழுகுக் கண். ஐம்பத்திரண்டு வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோர்க்கிறவள். இரண்டு வருடம் முன்பு எங்கள் கண்ணாடிக் கடைக்குப் புது மெஷின் வந்தபோது விளையாட்டாக உன்னை அதில் உட்கார வைத்தோமே, அது ஏதோ நம்பர் அடித்துச் சீட்டைத் துப்பியதும், "எனக்கு ஒண்ணும் இல்ல, உங்க மெஷினுக்குத்தான் கண்ணு சரியில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாயே. இவர் சிரித்தார். நான் அன்றைக்கும் உன் பக்கம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு சீட்டு. இவர் கையெழுத்து. பிளஸ் ஒன்று, சிலிண்டர் பிளஸ் ஒன்று, ஆக்ஸிஸ் தொண்ணூறு, இரண்டு கண்ணுக்கும் அதே. கீழே படிப்பதற்குத் தனி பவர். பெயர் எழுத வேண்டிய இடத்தில் "பெயர் வேண்டாம்" என்று எழுதி அடியில் கோடு வேறு. கடையில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தட்டு, தட்டில் ஒரு பெயர், அதுதான் வழக்கம். தேடினேன். மேல் அலமாரியில், பழைய காலண்டருக்குப் பின்னால், பெயரில்லாத தட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. அதில் இருந்த ஃபிரேம் எது தெரியுமா, போன வருடம் நான் வாய் விட்டுக் கேட்ட அதே அரக்குச் சிவப்பு ஃபிரேம். "உன் மூஞ்சிக்கு அது எடுக்காது" என்று சொல்லி ஷோகேசில் வைத்துப் பூட்டினவர், இப்போது எவள் மூஞ்சிக்கோ எடுக்கும் என்று கண்டுபிடித்திருக்கிறார். வயிறு எரிந்தது அக்கா. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, பொறாமைதான்.

கேட்டேன். "இது யாருக்கு?" "ஒரு கஸ்டமருக்கு." "பேரு?" "லென்ஸுக்கு நம்பர் போதும், பேரு எதுக்கு?" சொன்னது யார், கண்ணாடி துடைக்கத் துணி வாங்க வந்தவரிடம்கூட அவர் பேரனுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரிக்கிற மனுஷன். அதோடு அந்தத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு பாட்டு வேறு முணுமுணுக்கிறார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் என் கண்ணாடிக்கு ஒரு நாள் பாடியதுண்டா? இளசு என்றாலாவது இந்த வயதில் புத்தி கெட்டுவிட்டது என்று விடலாம். படிக்கத் தனி பவர் என்றால் நாற்பதைத் தாண்டினவள். என்னிடம் இல்லாத எது அந்தக் கிழவியிடம் இருக்கிறது? என் நம்பர் எனக்கு மனப்பாடம், பிளஸ் இரண்டு, சிலிண்டர் மைனஸ் ஒன்று, தொண்ணூறு. கடைசித் தொண்ணூறைத் தவிர ஒன்றும் ஒத்துப்போகவில்லை. அதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாளாக்கும்.

ஒரு வாரம் கையில் துடைப்பத்தோடு கடை வாசலிலேயே நின்று, உள்ளே வரும் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் வருகிறார்கள், கண்ணாடிக் கடைக்கு வேறு எப்படி வருவார்கள். நம்பரை வைத்தே ஆளைப் பிடிக்கிறேன் என்று, கண்ணாடித் தொழில் சொல்லித்தரும் சாயங்கால வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். "ரெண்டு வாரம் தாங்குவியா?" என்று கேட்டு இவர் சிரித்தார். வகுப்பு எடுக்கிறவள் நம் வீட்டுப் பெண்களைவிடச் சின்னவள், ஆனால் கறார். முதல் நாளே சீட்டைக் காட்டி, "டீச்சர், இந்த நம்பர் உள்ளவ பார்க்க எப்படி இருப்பா?" என்று கேட்டேன். "நம்பரை வச்சு மூக்கு முழியெல்லாம் சொல்ல முடியாதும்மா. பிளஸ் லென்ஸ், அதனால கண்ணாடி போட்டா கண்ணு கொஞ்சம் பெருசாத் தெரியும், அவ்வளவுதான்." அவ்வளவுதானாம். பெரிய கண்ணு வேறயா அந்த மகராசிக்கு. அன்னிக்கு ராத்திரி ஒரு வாய் சோறு இறங்கல எனக்கு.

மூணாவது வாரம்தான்க்கா விஷயமே. சில கண்ணுக்கு ஒரு வாட்டத்தில மட்டும் கூடக்குறைய பவர் வேணுமாம், அதுதான் சிலிண்டர். அது எந்தச் சாய்வில உட்காரணும்கிறது ஆக்ஸிஸ். ஒரே லென்ஸை ரெண்டு விதமா எழுதலாம்னு டீச்சர் போர்டுல போட்டா. முதல் ரெண்டு நம்பரையும் கூட்டு, அது புது பவர். சிலிண்டரோட பிளஸ்ஸை மைனஸ் ஆக்கு. "ஆள் அதே ஆள்தான், சட்டைதான் மாத்தியிருக்கு" அப்படின்னா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெஞ்சுக்கு அடியில சீட்டை வச்சுக் கூட்டினேன். ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. பிளஸ்ஸை மைனஸ் ஆக்கினேன். பிளஸ் ரெண்டு, மைனஸ் ஒண்ணு, தொண்ணூறு. அக்கா, அந்தக் கிழவி நான்தான். மூணாவதா டீச்சர் இன்னும் ஏதோ எழுதிக்கிட்டிருந்தா, என் கண்ணுல தண்ணி, போர்டே தெரியல, பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

அடுத்த மாசம் எங்க கல்யாண நாள். அதுக்குத்தான் மனுஷன் நம்பரைப் புரட்டிப் போட்டு எழுதி, பேரை மறைச்சு, நான் ஆசைப்பட்ட ஃபிரேமையே எடுத்து வச்சிருக்கார். அவரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. ஒரு மாசமா அவர் காப்பியில சர்க்கரையைக் குறைச்சேனே. இதையெல்லாம் யார்கிட்டயும் சொல்லிடாதே, முக்கியமா அத்தான்கிட்ட.

அத்தானுக்கு என் மரியாதையைச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசியும் முத்தமும். உன் ஆசீர்வாதம் எப்போதும் என் தலைமேல் இருக்கட்டும்.

உன் பிரியமுள்ள தங்கை.

பின்குறிப்பு: மறுநாள் காலை எழுதுகிறேன். கடிதத்தை மடித்துவிட்டு, இன்று வகுப்பில் பரீட்சை ஆயிற்றே என்று பக்கத்தில் உட்காருகிறவளின் நோட்டைப் புரட்டினேன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது அக்கா. ஆக்ஸிஸைத் தொண்ணூறு திருப்ப வேண்டுமாம். திருப்பினால் நூற்றெண்பது. எனக்குத் தொண்ணூறு. பவரெல்லாம் என்னுடையதே, சாய்வு மட்டும் வேறு, அப்படி ஒரு கண் இந்த உலகத்தில் யாருக்கு இருக்கும் என்று யோசித்தேன். மேஜை டிராயரைத் திறந்து, மெஷின் துப்பிய உன் சீட்டை எடுத்தேன். பிளஸ் இரண்டு, மைனஸ் ஒன்று, நூற்றெண்பது.

அவரிடம் நீட்டினேன். "நீ ரெண்டு வாரத்துல நின்னுடுவேன்னு நினைச்சேன்" என்றார் முதலில். அப்புறம்தான், "உங்கக்கா போன்ல அழுதாங்க. அடுத்த வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டுத்தான் ஊசி கோர்க்கறாங்களாம். உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க" என்றார். ஃபிரேமையும் போட்டோவைப் பார்த்து நீயே எடுத்தாயாம்.

நேற்றுவரை எவளோ ஒருத்திமேல் பொறாமை. இப்போது என் வீட்டுக்காரர்மேல். உனக்குக் கண் தெரியவில்லை என்பதை என்னிடம் சொல்லாமல் அவரிடம் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? இத்தனை நாள் நான் எழுதிய கடிதத்தையெல்லாம் உனக்குப் படித்துக் காட்டியது யார்? அத்தான், நீங்கள்தான் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து இங்கேயே நிறுத்திவிட்டு அவளிடம் கொடுங்கள்.

கண்ணாடியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். போட்டுக்கொண்டு கீழ்ப்பாதி வழியாகப் பார், எழுத்து தெரியும். முதலிலிருந்து நீயே படி, கிழவி என்று வருகிற இடங்களைத் தாண்டிவிடு. படித்துவிட்டு உன் கையால் ஒரு வரி பதில் எழுது. அப்புறம் லென்ஸை நீ வைத்துக்கொள், ஃபிரேமைத் திருப்பி அனுப்பு.