அப்பா எத்தனை வருடம் தாங்குவார்?

"உங்கப்பா இன்னும் எத்தனை வருஷம் தாங்குவாரு?"

ஃப்ரிட்ஜ் வாங்கப் போன கடையில் கேட்பதுபோலத்தான் பல் டாக்டர் கேட்டாள். கேட்கப்பட்டவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மக்கள்தொகை அலுவலகத்தில் முதியோர் கணிப்புப் பிரிவு அவனுடையது. யார் எந்த வயது வரை இருப்பார்கள், அதில் எத்தனை வருடம் பிறர் கையைப் பிடிக்காமல் நடமாடுவார்கள் என்று பட்டியல் போடுவது வேலை. அலுவலகத்தில் அவனை ஆயுசு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவனுடைய அப்பாவைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் டீச்சர். அறுபத்தொன்பது வயது, முப்பது வருடம் பூகோளம் நடத்தியவர். பல் டாக்டர் அவருடைய மகள்.

போன மாதம் பெரியவர்கள் இருவரும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

"நாங்க புருஷன் பொண்டாட்டியா ஒரே வீட்டுல இருந்தா உங்களுக்குச் சம்மதமா?" என்று அப்பா கேட்டார்.

ஆயுசு அப்போதே சரி என்றுவிட்டான். அம்மா போன பிறகு ஆறு வருடமாக நின்றுபோயிருந்த அப்பாவின் விசில், அந்த வீட்டில் மறுபடியும் கேட்க ஆரம்பித்திருந்தது. பல் டாக்டர்தான் லேசில் விடுவதாக இல்லை.

"எங்கம்மாவை நர்ஸ் வேலைக்கு அனுப்ப முடியாது. நம்பர் சொல்லுங்க. சரியா வரலைன்னா அடுத்த மாசம் அம்மாவை எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"சராசரியா இன்னும் பன்னிரண்டு வருஷம்," என்றான் ஆயுசு. "அதுல ஏழு வருஷம் யார் தயவும் வேண்டாம்."

"மீதி அஞ்சு?"

"கொஞ்சம் ஒத்தாசை தேவைப்படலாம். எழுந்திருக்க, குளிக்க..."

"யாரு குளிப்பாட்டுறது? எங்கம்மாவா?"

ஆயுசு அவசரமாகச் சமாளித்தான். "பொம்பளைங்க ஆயுசு இன்னும் கெட்டி. உங்கம்மாவுக்குப் பதினேழு வருஷம்!"

பல் டாக்டரின் முகம் மலர்ந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். தொழில் நேர்மை விடவில்லை.

"அதுல எட்டு வருஷம் ஒத்தாசை வேணும்."

பல் டாக்டர் விரல் விட்டு எண்ணினாள். "ஏழாவது வருஷம் உங்கப்பா படுத்துடுவாரு. ஒன்பதாவது வருஷம் எங்கம்மா. ஒன்பதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் ரெண்டு பேருக்குமே முடியாது. யாரு யாரைத் தூக்குறது?"

இந்தக் கேள்விக்கு அலுவலகத்தில் பட்டியல் கிடையாது.

"சராசரிங்கிறது ஊருக்கு. ஆளுக்கு ஆள் மாறும்," என்றான். "ரெண்டு பேருக்கும் தனித்தனியாப் போட்டுத் தர்றேன்."

மறுநாள் அலுவலகத்தில் கேள்வித்தாள் கேட்டு சர்வே அக்காவிடம் போனான். அக்கா இருபத்தைந்து வருடமாக வீடு வீடாகப் படியேறி முதியோரிடம் கேள்வி கேட்பவர். ஊரில் அவர் அழுத்தாத காலிங் பெல் இல்லை.

"உங்கப்பாவுக்கா சார்? போன வருஷமே நான் எடுத்தாச்சே. நீங்க ரெண்டாவது பக்கத்தை மட்டும் கொஞ்சம்..."

"அக்கா, ரெண்டாவது பக்கம் நான் தயாரிச்சது. மனப்பாடம்."

"அதில்ல சார், அதுல..."

"யாரு ஃபார்ம்ல என்ன இருக்குன்னு யார்கிட்டயும் பேசக்கூடாது. அதுவும் நான் போட்ட விதிதான்."

அக்கா வாயை மூடிக்கொண்டார். மூடிய வாயில் ஒரு சிரிப்பு இருந்தது.

மாலையில் அப்பாவின் வீட்டில் விசாரணை நடந்தது. டீச்சரும் அங்கேதான் இருந்தார்.

இரண்டாவது பக்கத்தை ஆயுசு கேட்காமலே நிரப்பினான். வயது தெரியும். வேலை தெரியும். 'மனைவியை இழந்தவர்' என்ற கட்டத்தில் டிக் போட்டான். பேனா ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு மூன்றாவது பக்கத்தைத் திருப்பினான்.

"நிக்காம மூணு மாடி ஏற முடியுமா?"

"ஓடியே ஏறுவேன்."

"அஞ்சு கிலோ தூக்க முடியுமா?"

"எந்தக் கையால?"

"கண் பார்வை?"

"எதிர் வீட்டு காலண்டர்ல தேதி சொல்லட்டுமா?"

சொன்னார். எதிர் வீட்டில் காலண்டர் இல்லை.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. இடது முழங்கால் வலிக்குதில்ல?"

"வலது," என்று டீச்சர் திருத்தினார். அலமாரியின் மூன்றாவது தட்டிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டே சொன்னார். "மழை நாள்ல மட்டும்."

"எப்பவாவது!" என்றார் அப்பா.

விடைகளைக் கணினியில் ஏற்றினான். அப்பா நூற்று மூன்று வயது வரை ஓடியாடி இருப்பார் என்று வந்தது. பல் டாக்டருக்கு அனுப்பினான். உடனே போன் வந்தது.

"பல் பிடுங்க என்கிட்ட வந்தப்போ நாற்காலியில உட்கார வைக்கவே ரெண்டு பேர் பிடிச்சோம். இவரா நூத்திமூணு?"

டீச்சரின் முறை வந்தபோது பல் டாக்டரே ரயிலேறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கேதான் அடுத்த சிக்கல். மகள் வந்த நாட்களில் டீச்சர் ஒரு டம்ளரைக்கூட நகர்த்துவதில்லை.

"ஜாடி மூடி திறக்க முடியுமா டீச்சர்?"

"எங்கேப்பா முடியுது..." பெருமூச்சு.

"பையைத் தூக்கிட்டுப் படி ஏற?"

இன்னொரு பெருமூச்சு, கொஞ்சம் நீளமாக.

பதினெட்டுக் கேள்விகளுக்கும் பெருமூச்சு. கணினி யோசித்துவிட்டு ஒரு எண்ணைக் காட்டியது. ஆயுசு தொண்டையைச் செருமினான்.

"இந்தக் கணக்குப்படி டீச்சர் காலமாகி ரெண்டு வருஷமாச்சு."

"ரெண்டு வருஷமா?" டீச்சர் கவலைப்பட்டார். "போன வாரம்தானே புதுக் கண்ணாடி போட்டேன்."

"விளையாடாதீங்கம்மா," என்று பல் டாக்டர் எழுந்தாள். "எனக்கு இந்த நம்பர் எதுலயும் நம்பிக்கை வரலை. அம்மா, பெட்டியை எடுத்து வையுங்க."

அப்பா எழுந்து போய் வாசலில் நின்று டீச்சரின் செருப்புகளை நேராக வைத்தார்.

"ஒரே ஒரு வாய்ப்பு," என்றான் ஆயுசு. "கேள்வி வேண்டாம். நேர்லயே சோதிச்சுப் பார்த்துடலாம். உங்க கண் முன்னாலயே."

ஞாயிற்றுக்கிழமை காலை சர்வே அக்கா நிறுத்துக்கடிகாரம், அளவு நாடா, கைப்பிடி பலம் பார்க்கும் கருவி சகிதம் மூன்றாம் மாடிக்கு வந்தார். கொஞ்சம்கூட மூச்சு வாங்கவில்லை. அப்பா சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார். டீச்சர் மூலையில் நாற்காலியில் தளர்ந்து சாய்ந்திருந்தார். மகள் பக்கத்தில் இருந்தாள்.

முப்பது நொடியில் அப்பா நாற்காலியிலிருந்து பதினான்கு தடவை எழுந்து உட்கார்ந்தார்.

"இந்த வயசுக்கு அமர்க்களம்," என்றார் அக்கா. "அடுத்தது ஒத்தைக் கால்ல பத்து செகண்ட்."

பத்து ஆயிற்று. இருபது. நாற்பது.

"போதும்ப்பா!"

"டேய், கண்ணை மூடிக்கிட்டும் நிப்பேண்டா."

மூடினார். பிறகு பக்கவாட்டில் சாய ஆரம்பித்தார், வளைவில் திரும்பும் பஸ் மாதிரி நிதானமாக.

ஆயுசு வாயைத்தான் திறந்தான். மூலையிலிருந்து டீச்சர் பாய்ந்தார். இரண்டே எட்டு. எழுபத்து நான்கு கிலோ அப்பாவை அக்குளில் கைகொடுத்துப் பிடித்து, தூக்கி, நாற்காலியில் வைத்தார்.

அக்கா எதையோ குறித்துக்கொண்டார்.

"அம்மா," என்றாள் பல் டாக்டர், "போன வாரம் ஒரு ஜாடி மூடி திறக்க முடியலைன்னீங்க."

"அது ரொம்ப இறுக்கமான மூடிடி."

"கணுக்கால் பிசகியிருக்கும், ஐஸ் வைக்கணும்!" அப்பா வீட்டில் ஐஸ் இருக்காது என்று ஆயுசு கீழே டீச்சர் வீட்டுக்கு ஓடினான். மூன்று மாடி இறங்கி, ஐஸ் எடுத்து, மூன்று மாடி ஏறி, வாசற்படியிலேயே படுத்துவிட்டான்.

"ஐஸ் இங்க ஃப்ரிட்ஜ்லயே கீழ்த் தட்டுல இருக்கேப்பா," என்றார் டீச்சர்.

இதற்குள் பல் டாக்டர் கணுக்காலைப் பார்க்கக் குனிந்தாள். குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள்.

"அம்மா... இடுப்பு... நிமிர முடியலை."

நாள் முழுக்கப் பிறர் வாய்க்குள் குனிந்து பார்க்கும் இடுப்பு. அப்பா துள்ளி எழுந்தார். கணுக்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் ஒரு பக்கமும் டீச்சர் ஒரு பக்கமும் பிடித்து அவளை அப்படியே சோபாவில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். பிறகு ஆயுசுவை இழுத்து வந்து பக்கத்தில் போட்டார்கள்.

"வந்தது வந்தோம்," என்று அக்கா கருவியை ஆயுசுவின் கையில் திணித்தார். "அழுத்துங்க சார்."

அழுத்தினான். பிறகு டீச்சர் அழுத்தினார். டீச்சர் நான்கு கிலோ கூடுதல்.

"முப்பத்தி நாலு வயசு," என்று அக்கா தலையாட்டினார். "உங்களுக்கு ஒத்தாசை தேவைப்படறப்போ உங்கப்பா பார்த்துக்குவாரு சார், கவலைப்படாதீங்க."

டீச்சர் மகளின் இடுப்பில் ஐஸை வைத்தார். "கேட்டியே, யாரு யாரைத் தூக்குறதுன்னு?"

பல் டாக்டர் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் இடுப்பு வலித்தது. வலித்தால் இன்னும் சிரிப்பு வந்தது. ஆயுசுவுக்கும் தொற்றிக்கொண்டது. அந்த வீட்டில் அவ்வளவு சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"சரி, தோத்துட்டேன்," என்று கண்ணைத் துடைத்தாள். "பெட்டியைப் பிரிச்சிடுங்கம்மா. அங்கிள், கல்யாணத்துக்கு நாள் குறிங்க."

அப்பா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஐஸைப் பார்த்தார்.

"அதுக்கென்ன அவசரம்," என்றார் அப்பா. "நீங்க ரெண்டு பேரும் முன்னாடியெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பீங்க. இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை வர்றீங்க. இப்படியே கொஞ்ச நாள் போகட்டுமே."

ஆயுசு படுத்தபடியே மடிக்கணினியைத் திறந்து இன்றைய அளவுகளை ஏற்றினான். "அப்பாவுக்குப் பதினாலு வருஷம். அதுல பதினொண்ணு யார் தயவும் இல்லாம. இதுதான் கடைசிக் கணக்கு. இனி மாறாது."

அக்கா அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இப்பவும் ரெண்டாவது பக்கம் தப்பு சார். 'மனைவியை இழந்தவர்'னு போட்டிருக்கீங்க. அதை மாத்துங்க, இன்னும் ஒன்றரை வருஷம் கூடும்."

"கல்யாணம் ஆகட்டும் அக்கா, மாத்திடலாம்."

அக்கா நிறுத்துக்கடிகாரத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். "சர்வேயில சொன்னதை வெளியில சொல்லக்கூடாதுன்னு விதி இருக்கு, சொல்ல மாட்டேன். ஆனா, போன வருஷம் நான் பெல் அடிச்சப்போ ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கிளம்பிட்டு இருந்தாங்க, ஒரு ஆள் குறையுதுன்னாங்க, சாட்சிக் கையெழுத்தே நான்தான் சார் போட்டேன்."