தலைமை எழுத்தரின் வயிற்றில் ஒரு கல்

"குடுங்க மாமா, பையை நான் தூக்கிக்கறேன்."

வருங்கால மாப்பிள்ளை கையை நீட்டியதும், பிள்ளை பிடிக்கிறவனைக் கண்டவர் போலத் தலைமை எழுத்தர் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பரவால்ல மாப்பிள்ளை. வெறும் தண்ணி பாட்டில்தான்."

பைக்குள் இருந்தது கல். இரண்டு வருஷத்துக்கு முன் ஆபீஸ் சுற்றுலா வந்தபோது, இதே மேட்டுவெளியின் உச்சியிலுள்ள கற்குவையிலிருந்து அவர் உருவிக்கொண்டு போனது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பெரிய மனிதரைப் புதைத்து, ஊரே கூடி மேலே குவித்த கற்களில் ஒன்று. எழுத்தர் வீட்டில் அது குளியலறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அது பாட்டுக்கு இருந்திருக்கும். மகள் போயும் போயும் ஒரு தொல்லியல்காரரை விரும்பித் தொலைத்தாள். அதுவும் இந்தக் கற்குவையையே கட்டிக்கொண்டு அழுகிறவர். முதல் சந்திப்பிலேயே, "இங்கேருந்து எவனாவது ஒரு கல்லை எடுத்தான்னா விடமாட்டேன் மாமா. எங்கப்பாவா இருந்தாலும் கோர்ட்டுதான்" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். சாப்பிட்டால் கை கழுவுவார். கை கழுவக் குளியலறைக்குப் போவார்.

ஆகவே, கற்குவையைக் காட்டக் குடும்பத்தையே அவர் கூட்டி வந்திருக்கும் இன்றே கல் ஊர் திரும்பியாக வேண்டும்.

மேட்டுவெளியில் ஒளிய ஒரு புதர்கூடக் கிடையாது. அடித்த காற்றோ, ஆள் மீசையைப் பிடுங்கி அடுத்த ஊரில் நட்டுவிடும். பாதி ஏற்றத்தில் மகள் நின்றாள்.

"தண்ணி குடுங்கப்பா."

"தீந்து போச்சும்மா."

"இன்னும் திறக்கவே இல்லியே?"

"வழியில சிந்திடுச்சு."

மாப்பிள்ளை பையைப் பார்த்தார். அது நனையவில்லை. பூமியைத் துளைக்கிற கனத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது.

நிலைமையைப் புரிந்துகொண்ட மனைவி குடையை விரித்து மறைப்புக் கொடுத்தாள். காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. மாப்பிள்ளையும் மகளும் குடையைத் துரத்தினார்கள். அந்த இடைவெளியில் எழுத்தர் கல்லைச் சட்டைக்குள் தள்ளி பெல்ட்டை இறுக்கினார்.

குடையோடு திரும்பி வந்த மாப்பிள்ளை பையை வாங்கித் தூக்கிப் பார்த்தார். பஞ்சாக இருந்தது. மாமனார்தான் திடீரென்று எட்டு மாதமாகத் தெரிந்தார்.

"வயிறு ஏன் மாமா இப்படி இருக்கு?"

"வாயு."

"ஒரே பக்கமாவா?"

"அவருக்கு எப்பவும் இடப்பக்கம்தான் சேரும்," என்றாள் மனைவி. முப்பது வருஷக் குடித்தனத்தில் கணவனுக்காக அவள் சொன்ன முதல் பொய். மாப்பிள்ளை முன்னே நகர்ந்ததும் பல்லைக் கடித்தாள். "திருடினது நீங்க. மூஞ்சி எனக்குல்ல எரியுது."

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. அதுதான் வினையாகப் போயிற்று. மாமனாரைக் கைத்தாங்கலாகப் பிடித்து, "தடவி விட்டா சரியாயிடும் மாமா" என்று வழிநெடுகக் கையைக் கொண்டுவந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவை தட்டிவிட்டபோதும் எழுத்தர் ஒரு சாண் குறுகினார். உச்சிக்குப் போனபோது மகளின் இடுப்பு உயரம்தான் மிச்சம்.

கற்குவையைக் கண்டதும் மாப்பிள்ளையின் குரல் தழைந்தது.

"இருநூத்திப் பன்னெண்டு கல்லு மாமா. ஒவ்வொண்ணுக்கும் அடியில நம்பர் போட்டிருக்கோம்."

எழுத்தர் மனைவியைப் பார்த்தார்.

"ஏதோ பெயிண்ட் கறைன்னு கம்பி நாரு போட்டுத் தேய்ச்சுட்டேன்," என்று அவள் முணுமுணுத்தாள்.

மாப்பிள்ளை ஒரு வழவழப்பான கல்முன் மண்டியிட்டார். "இதான் நாப்பத்தேழு. என் டாக்டர் பட்டமே இந்த ஒரு கல்லுதான். இந்தத் தேய்மானத்தைப் பாருங்க. பறிகொடுத்தவங்க வந்து வந்து தடவி, அழுது அழுது தேஞ்சது. போன வருஷம் கண்டுபிடிச்சப்ப நானும் அழுதுட்டேன்."

இப்போதும் அழுதார். எழுத்தருக்கு வயிற்றில் கல் பட்ட இடமெல்லாம் சுட்டது. அழுகிற பிள்ளையை ஏமாற்றிப் பெண்ணைக் கொடுப்பதா?

மகளும் மாப்பிள்ளையும் குவையின் மறுபக்கம் போனதும் அவர் செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து பொத்தானைக் கழற்றினார். கல் 'டங்' என்று குவையில் விழுந்தது. நிமிர்ந்தால், எதிரே கற்குவையின் காவலாளி.

எழுத்தருக்கு இனி ஒரு பொய்யைச் சுமக்கத் தெம்பில்லை. கையைக் கூப்பிவிட்டார்.

"நான்தாங்க எடுத்தேன். ரெண்டு வருஷமா பாத்ரூம் கதவுக்கு முட்டுக் குடுத்தேன். மாப்பிள்ளைகிட்ட இப்பவே கூட்டிட்டுப் போங்க. கல்யாணம் நின்னாலும் சரி, இந்த வெக்கத்தோட என்னால கீழ இறங்க முடியாது."

காவலாளியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கல்லை எடுத்து, எழுத்தரின் சட்டைக்குள் பழையபடி செருகி, பொத்தானையும் தானே மாட்டிவிட்டார்.

"சத்தம் போடாம எடுத்துட்டுப் போயிடுங்க சார். நீங்க எடுத்துட்டுப் போனதுதான் நாப்பத்தேழு. வேலை போயிடுமேன்னு எங்க வீட்டுத் துணி துவைக்கிற கல்லை உடைச்சு, நம்பர் எழுதி நான்தான் அங்க வெச்சேன்."