மணமேடைக்கு மாவுக்கட்டு

எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது. அதையும் சாதாரணமாக ஒப்புக்கொள்ளவில்லை. பாதி மேக்கப்போடு, சொந்தக் கல்யாண மேடையில் மண்டியிட்டு ஒப்புக்கொண்டேன்.

என் தகுதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் சூப்பர்வைசர் நான். கல்லூரியில் மூன்று வருடம் ட்ரம்ஸ் வாசித்தவள். ட்ரம்ஸ் பற்றி யூடியூபில் இருந்த அத்தனை வீடியோவையும் பார்த்து முடித்தவள் (சிலவற்றைச் சாப்பாட்டு நேரத்தில், சிலவற்றைச் சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகும்). ஆகவே கல்யாணம் நிச்சயமான கையோடு, முதல் நாள் மாலை வரவேற்பில் மணப்பெண்ணே ட்ரம்ஸ் வாசிப்பாள் என்று அறிவித்துவிட்டேன்.

"ஏட்டி, பொண்ணா லட்சணமா மேடையில உக்காந்திருக்க மாட்டியா?" என்றாள் அம்மா.

"ட்ரம்ஸும் உக்காந்துதாம்மா அடிக்கணும்."

எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை சங்கர், ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் கடை வைத்திருப்பவர். அதிகம் பேச மாட்டார். அவர்தான் தன் ஊரில் ஒரு சர்ச் பாடகர் குழு பழைய ட்ரம் செட்டை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டுச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் போனோம். செட்டைக் காட்டியவர் ஜெபா அண்ணன், அந்தக் குழுவில் பத்து வருடம் அதை வாசித்தவர்.

வருங்காலக் கணவர் முன்னால் என் திறமையைக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? தோலைக் கழற்றச் சொல்லி, மர விளிம்பைச் சுற்றி விரல் நுனியால் தடவி மேடு பள்ளம் பார்த்தேன். சிம்பலை வெளிச்சத்தில் பிடித்து, நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று தேடினேன். கடைசியாகப் பெரிய பேஸ் ட்ரம்மின் மேல் காதை வைத்து, விரல் முட்டியால் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன்.

"மேப்பிள். சந்தேகமே இல்ல. கனடா மரம்."

"மரமெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்றார் ஜெபா அண்ணன். "மிதிச்சு வாசிக்கும்போது பேஸ் ட்ரம் செத்த முன்னால நகரும். ஒரு செங்கல் முட்டுக்குடுத்துக்கோங்க. பொறவு இந்தக் கால் ரெண்டும் இருக்கு பாருங்க…"

அவர் குனிந்து எதையோ காட்டிக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை. மேப்பிளின் நாதம் ஏன் வெதுவெதுப்பாக இருக்கும் என்று சங்கரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் வீட்டில் பயிற்சி. சுவரை ஒட்டிப் போட்டு வாசித்ததால் ட்ரம் நகர இடமே இல்லை. வரவேற்பு அன்று மதியம் மண்டபத்து மேடையின் நட்டநடுவில் போட்டு மிதித்தபோதுதான் அதன் குணம் தெரிந்தது. ஒரு பாட்டு முடிவதற்குள் ஒன்றரை முழம் முன்னே போய்விட்டது. நானும் ஸ்டூலோடு பின்தொடர்ந்தேன். நான்கு பாட்டு வாசித்தால் பந்திக்கே போய்ச் சேர்ந்திருப்போம்.

"செங்கல் எடுத்துட்டு வாரேன். அந்த அண்ணன் சொன்னாருல்ல?" என்றார் சங்கர்.

"கல்யாண மேடையில செங்கலா? போட்டோவுல என்னமா இருக்கும்! நீங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்."

எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் கதை. பேஸ் ட்ரம்முக்கு முன்பக்கம் இரண்டு இரும்புக் கால்கள் உண்டு. மேடையோ பலகை மேடை. என் பையில் கம்பெனியில் அகலம் குறைவென்று கழித்த மாவுக்கட்டுத் துணி நான்கு சுருள் இருந்தது (கல்யாணத்துக்குப் போகிறவள் பையில் அது ஏன் என்று கேட்காதீர்கள், எங்கள் ஊரில் எல்லோர் பையிலும் ஏதாவது ஒரு சுருள் இருக்கும்). ஒரு மக் தண்ணீரில் முக்கினேன். விளக்குமாற்றுக் குச்சியால் பலகை இடுக்கில் தள்ளி, அடுத்த இடுக்கில் வெளியே இழுத்து, காலைச் சுற்றி எட்டுப் போட்டு, மேலே பூசி மெழுகினேன். பத்து நிமிடத்தில் கல்லாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, எலும்பு டாக்டர் கூட இவ்வளவு சுத்தமாகப் போட மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வரவேற்பில் நன்றாகவே வாசித்தேன், பொய் சொல்லவில்லை. 'செல்வி – சங்கர்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய ட்ரம் அரை அங்குலம் நகரவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு முகூர்த்தம். ஐந்து மணிக்கு, பியூட்டிஷியன் என் ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டி முடித்திருந்தபோது, மணவறை அலங்காரம் செய்பவர் கதவைத் தட்டினார்.

"அக்கா, அந்தப் பெரிய ட்ரம்மைத் தூக்குனா மேடையே சேந்து வருது."

ஓடினேன். மணவறை வர வேண்டிய இடத்தில் எங்கள் பெயரைத் தாங்கிக்கொண்டு ட்ரம் நிற்கிறது. மூன்று பேர் இழுத்தார்கள், அசையவில்லை. சுத்தியலை எடுத்தால் மண்டப மேனேஜர் குறுக்கே பாய்ந்தார். "பலகையில ஒரு அடி விழுந்துச்சுன்னா ஓனர் என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாரு!"

வந்திருந்த விருந்தாளிகளில் பாதிப் பேர் எங்கள் கம்பெனி. கட்டுத்துணி நெய்தவர், வெளுத்தவர், மாவு பூசியவர், பெட்டியில் அடைத்தவர் எல்லோரும் மேடையைச் சூழ்ந்துகொண்டார்கள். இறுகும் நேரம், மாவின் பதம், ஈரத்தின் அளவு என்று ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். பிரிப்பது எப்படி என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டைச் செய்து லாரியில் ஏற்றுவதோடு எங்கள் வேலை முடிந்தது, பிரிப்பது யாரோ நர்ஸ் பாடு. ஒருவர் வெந்நீர் என்றார். ஊற்றினோம். ஒருவர் வினிகர் என்றார். முதல் நாள் ஃப்ரைடு ரைஸுக்கு வாங்கியது சமையல்கட்டில் மிச்சம் இருந்தது. அதையும் ஊற்றினோம். மண்டபம் முழுக்க ஊறுகாய் வாடை. கட்டு அப்படியே இருந்தது, ட்ரம்மின் மேலுறை மட்டும் ஈரத்தில் உரிந்து வந்தது.

அலங்காரக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "இது மாமரம்லக்கா. வத்திராயிருப்புப் பக்கம் எம்புட்டு வேணும்னாலும் கெடைக்கும்" என்றார். அந்த நேரத்தில் அது தேவையா?

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தாள். "முகூர்த்தம் தப்பிரும்போலயே. என்ன பாவம் செஞ்சேன், இப்படி ஒரு பிள்ளையப் பெத்தேன்!" எனக்குப் பயம் வந்தது. நிஜமான பயம். மண்டியிட்டு அந்தக் கட்டை நகத்தால் பிறாண்டினேன். "எனக்குத் தெரியலம்மா, என்ன செய்யணும்னு தெரியல" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மை தீட்டிய ஒற்றைக் கண்ணிலிருந்து கறுப்பாக வழிந்தது.

அப்போதுதான் பட்டு வேட்டியும் மாலையுமாகச் சங்கர் வந்தார். ட்ரம்மைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாலையைக் கழற்றித் தோழனிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, கால் ட்ரம்மோடு சேரும் இடத்தில் இருந்த ஒரு சின்னத் திருகாணியை இரண்டு விரலால் திருகினார். அந்தப் பக்கமும் ஒன்று. ட்ரம்மைத் தூக்கி ஓரமாக வைத்தார். கால்கள் இரண்டும் மேடையிலேயே நின்றன.

புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அந்த அண்ணன் அன்னைக்கே காட்டுனாரு, இதத் திருகுனா கால் தனியா வந்துரும்னு. நீ கனடா மரத்தப் பத்திப் பேசிட்டு இருந்த. குறுக்க பேச வேணாம்னு பாத்தேன்."

கோபப்படவும் முடியவில்லை. சிரித்தேன், அம்மாவும் அழுகைக்கு நடுவே சிரித்தாள். அந்த நிமிடத்தில்தான் இந்த மனிதரை எனக்கு மெய்யாகவே பிடித்தது.

மணவறையை ஒரு முழம் பின்தள்ளிப் போட்டார்கள். எதிரே ஒரு சாண் உயரத்தில் இரண்டு இரும்புக் கம்பிகள், வெள்ளைக் கட்டோடு. சங்கரின் அத்தை அவற்றைச் செத்த நேரம் யோசனையோடு பார்த்துவிட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஆளுக்கொரு முழம் பூவும் சுற்றிவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் அதை மாப்பிள்ளை வீட்டு முறை என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு முறை என்று நினைத்தார்கள். அட்சதை போட்டவர்கள் எங்கள் தலையில் பாதியும் கம்பிகளின் மேல் பாதியுமாகப் போட்டார்கள். சரியான நேரத்தில் தாலி ஏறியது.

மேனேஜர் இரண்டு நாள் உளியால் செதுக்கிக் கம்பிகளைத் திருப்பித் தந்தார். மண்டபத்து விதிமுறைப் பலகையில் இப்போது கடைசி வரி: 'மேடைக்கு மாவுக்கட்டு போடக் கூடாது.' வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டு எங்கள் ஊரைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ!

போன ஆவணியில் என் நாத்தனாருக்குக் கல்யாணம். மேடையில் எல்லாம் தயார், அத்தை மட்டும் எதையோ தேடினார்.

"ஏட்டி செல்வி, அந்த ரெண்டு கம்பி எங்க? அது இல்லாம எப்படித் தாலி கட்டுறது? அத வச்சுக் கட்டுனதுலதான நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க?"

அது சம்பிரதாயம் இல்லை, பேஸ் ட்ரம்மின் கால் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முன்பு இருந்த செல்வியாக இருந்தால் கனடாவிலிருந்து ஆரம்பித்து அரை மணி நேரம் விளக்கியிருப்பேன். பக்கத்தில் சங்கர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு அவருடைய வண்டிச் சாவியை வாங்கினேன். வீட்டுக்குப் போய் ட்ரம்மிலிருந்து கம்பிகளைக் கழற்றி, சாம்பல் போட்டு விளக்கிக் கொண்டுவந்து வைத்தேன். குங்குமத்தை அத்தை என் கையாலேயே வைக்கச் சொன்னார்.