கெட்டிமேளம் கொட்டி அழித்த அண்ணாச்சி

தாமிரபரணியின் இரு கரையிலும் கெட்டிமேளம் அண்ணாச்சியைவிட அதிகக் கல்யாணம் செய்து வைத்தவர் எவருமில்லை. நாளொன்றுக்கு இருபது. அத்தனை தம்பதிகளையும் பத்தே நிமிடத்தில் சுவடில்லாமல் அழித்தவரும் அவர்தான்.

பயப்பட வேண்டாம். தச்சநல்லூரில் ஓர் இரும்புக் கடையின் மாடியில், வரன் தேடும் இணையதளம் நடத்திய சின்ன அலுவலகத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். தளத்தை எழுதுவது என் வேலை. சோதிப்பது அவர் வேலை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, தினமும் காலையில் இருபது பொய் மாப்பிள்ளைகளையும் இருபது பொய்ப் பெண்களையும் பதிந்து, பார்த்து முடித்ததும் நீக்க வேண்டும். சோதனைக்கென்று தனி சர்வர் வைக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. ஆகவே இந்தக் கூத்தெல்லாம் நிஜத் தளத்திலேயே நடந்தது.

கையால் செய்தால் மத்தியானமாகிவிடும். அதனால் பிரவுசரைத் தானாக ஓட்டும் கருவி ஒன்றுக்கு அண்ணாச்சி ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். அது தானே பிரவுசரைத் திறக்கும், லாகின் செய்யும், படிவங்களை நிரப்பும். அழிக்கும்போது மட்டும் பட்டனைத் தேடி அலையாது. அதே லாகினை வைத்துக்கொண்டு நேராக சர்வருக்கே 'இந்தப் பதிவு எண்ணை அழித்துவிடு' என்று டெலீட் ரிக்வெஸ்ட் அனுப்பும். சர்வர் 204 என்று பதில் சொல்லும். ஆயிற்று, மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

அந்த 204 மீது அவருக்குத் தனிப் பிரியம். கருப்பட்டிக் காப்பியைக் குடித்து முடித்து டம்ளரை வைக்கும்போது "இருநூத்தி நாலு" என்பார். முதலாளி வந்துவிட்டாரா என்று கேட்டால் "நானூத்தி நாலு" என்பார். தேடிய ஆள் அங்கே இல்லை என்பதற்கு சர்வர் சொல்லும் எண் அது.

இதுவரைக்கும் எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். அண்ணாச்சியின் ஸ்கிரிப்ட் மட்டும் யாரையும் சும்மா அழிக்காது. முதலில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஜோடி சேர்க்கும். இருவர் பக்கத்திலும் 'திருமணம் முடிந்தது' என்று குறிக்கும். கணினியின் ஸ்பீக்கரில் இரண்டு விநாடி கெட்டிமேளம் முழங்கும். பிறகுதான் டெலீட். இருபது ஜோடிக்கும் இருபது மேளம். கீழே இரும்புக் கடைக்காரர் படியேறி வந்து, "டெய்லி காலையில யாருக்குவே கல்யாணம்? ஒரு நாளாவது பந்திக்குக் கூப்பிட்டீங்களா?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

ஏன் இந்தப் பாடு என்று நானும் கேட்டேன்.

"கல்யாணம் ஆகாம ஒருத்தரையும் அனுப்பக் கூடாதுவே. கன்னியாவே செத்துப் போனவியளுக்கு எங்க உடன்குடிப் பக்கம் வருசா வருசம் சேலை வச்சுக் கும்பிடணும். தெனமும் இருவது சேலைக்கு நான் எங்கவே போவேன்?"

இன்னொரு கிறுக்கும் உண்டு. அழிக்குமுன் ஒவ்வொருவர் பக்கத்தையும் ஸ்கிரிப்ட் ஒரு படம் பிடித்து வைக்கும். கடைசிப் படமாம். அந்தப் படங்களால் கணினி மூச்சுத் திணறியது. முதலாளி என்னைத் தனியே அழைத்து, அவற்றை ஒழித்துக்கட்டச் சொன்னார். அன்று காலை மேளச் சத்தம் ஓய்ந்ததும், அண்ணாச்சி காப்பிக்குப் போன நேரம் பார்த்து, மொத்த ஃபோல்டரையும் குப்பைத்தொட்டியில் தள்ளினேன்.

திரும்பி வந்த அண்ணாச்சி திரையைப் பார்த்துவிட்டு முகம் மாறினார். "ஒரு பொண்ணு மிஞ்சுதுவே. இருவது மாப்பிள்ளையும் போயாச்சு, ஒரு பொண்ணு மட்டும் தனியா நிக்குது. எப்படி?"

அதற்குள் ஃபோன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். பாளையங்கோட்டையிலிருந்து தபால் ஆபீசில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர்.

"நேத்து சாயங்காலந்தான் எம் மவளைப் பதிஞ்சேன். காலையில 'திருமணம் முடிந்தது, வாழ்த்துகள்'னு மெசேஜ் வந்திருக்கு. உங்க வேகத்தைப் பாராட்டணும்வே. மாப்பிள்ளை யாருன்னும் ஒரு வார்த்தை சொன்னா நல்லாருக்கும்."

பொய் ஆட்களை அடையாளம் காண அண்ணாச்சி ஒரு வழி வைத்திருந்தார். எல்லோருக்கும் சொந்த ஊர் கொற்கை. பாண்டியர் காலத்துத் துறைமுகத்திலிருந்து இந்தக் காலத்தில் யார் வரன் தேடி வரப்போகிறார்கள் என்பது அவர் எண்ணம். ஊர் கொற்கை என்றால் ஸ்கிரிப்ட் கட்டிவைக்கும், அழிக்கும். பெரியவரின் சொந்த ஊர், நீங்கள் நினைத்தது சரி, கொற்கையேதான். அவர் மகள் ஒரு பொய் மாப்பிள்ளைக்கு ஜோடியாகிவிட்டதால்தான் பொய்ப் பெண் ஒன்று மிஞ்சியது.

பதிவு போனால் மறுபடி பதியலாம். பெரியவர் அதற்குப் பிறகு சொன்னதுதான் எங்களை உட்கார வைத்தது.

"அவ டீச்சர். வயசு முப்பத்தாறு. ஒம்பது வருசமா தரகர் மூலமாத் தேடுதோம். இன்னைக்கு ஸ்கூலுக்குக் கெளம்பும்போது யாரோ ஒருத்தர் எழுதியிருக்கதா ஃபோன்ல காட்டிச்சாம். ப்ரேயர் முடிஞ்சு தொறந்து பாத்தா ஒண்ணையும் காணும். யாரு, என்ன எழுதுனாருன்னு தெரியல. அதை மட்டும் எடுத்துக் குடுங்க போதும்."

டெலீட் செய்தால் வந்த செய்திகளும் சேர்ந்தே போய்விடும். எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி எடுத்து வைக்கும் ஏற்பாட்டை முதலாளி ஒரு வருடமாக 'அடுத்த மாசம், அடுத்த மாசம்' என்று தள்ளிக்கொண்டிருந்தார். இப்போது விஷயம் கேட்டு வந்தவர், "சர்வர் கோளாறுன்னு சொல்லிருங்க, அண்ணாச்சி. எழுதினவரு திரும்ப எழுதட்டும்" என்றார்.

"எப்படி எழுதுவாரு? அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டுன்னு அவருக்குந்தான் காட்டியிருக்குமே" என்றார் அண்ணாச்சி. பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "கடைசிப் படம் இருக்கும்லா!"

குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தேன். காலி செய்ய மறந்திருந்தேன். என் சோம்பலால் உலகத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

படத்தில் டீச்சரின் பக்கம் முழுதாக இருந்தது. கீழே, டீச்சர் படிக்காமல் போன அந்தச் செய்தியும், எழுதியவர் பெயரும் ஃபோன் எண்ணும் இருந்தன. அச்செடுத்துக்கொண்டு சாயங்காலம் அண்ணாச்சியின் ஸ்கூட்டரிலேயே பாளையங்கோட்டை போனோம். வாசலில் நின்றபடியே அண்ணாச்சி டீச்சரிடம், "தாயி, தப்பு எம் பேர்லதான்" என்று சொல்லி, இரண்டு கையாலும் தாளை நீட்டினார்.

'தூத்துக்குடி துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் எஞ்சின் பார்க்கிறேன். கையில் எப்போதும் எண்ணெய் இருக்கும். பரவாயில்லை என்றால் எழுதவும்.'

டீச்சர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கையக் கழுவிட்டு வரச் சொல்லுங்க, அண்ணாச்சி."

அண்ணாச்சி அங்கேயே ஃபோன் போட்டார். "தம்பி, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகல. நான்தான் தப்பா ஒருத்தனுக்குக் கட்டி வச்சுட்டேன்."

"ஐயையோ, யாருக்கு?"

"அதை விடும். அவனைக் காலையிலேயே அழிச்சாச்சு."

எதிர்முனையில் மனிதர் வெலவெலத்துப் போனார். நான் ஃபோனை வாங்கி விளக்கிச் சொல்லக் கால் மணி நேரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவர் கை கழுவிக்கொண்டு வந்தார். நான்கு மாதத்தில் தேவாலயத்தில் கல்யாணம். மோதிரம் மாற்றும்போது மேளம் இல்லையே என்று அண்ணாச்சி கொஞ்சம் தவித்தார். பிறகு, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாயாலேயே பைய மேளம் கொட்டினார். பந்தியில் பெரியவர் அவர் இலைக்கு இன்னொரு கறித்துண்டு வைக்கச் சொல்லிவிட்டு, "உமக்குப் பிள்ளைங்க எத்தனவே?" என்று கேட்டார். அண்ணாச்சி "நானூத்தி நாலு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். பெரியவர் அரண்டுபோய் என்னைப் பார்த்தார்.

மறுவருடம் அண்ணாச்சியின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, வேலையை விட்டுவிட்டு உடன்குடிக்கே போய்விட்டார். சோதிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. அவருடைய ஸ்கிரிப்டைப் படித்துப் பார்த்தபோது அதில் ஒரு வரி இருந்தது: ஏழாம் எண்ணை விட்டுவிடு. ஏதோ பழைய கோளாறு என்று நினைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். தளம் தொடங்கிய நாளில் சோதனைக்காகப் பதிந்த முதல் மாப்பிள்ளைகளில் ஒருவர். ஊர் கொற்கை. மற்றபடி பெயர், வயது, உயரம், படம் எல்லாம் எங்கள் அண்ணாச்சியுடையவை. எதிர்பார்ப்பு என்ற கட்டத்தில், 'சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தால் போதும்' என்று எழுதியிருந்தார்.

கெட்டிமேளத்தை நான் நிறுத்தவில்லை. இரும்புக் கடைக்காரர் இப்போதும் வந்து சத்தம் போடுகிறார். கொற்கையை மட்டும் மாற்றிவிட்டேன். பொய் ஆட்களுக்கு இப்போது பூமியில் இல்லாத ஓர் ஊர். ஏழாம் எண் தளத்தில் அப்படியே இருக்கிறது. கல்யாணம் ஆகாமல் ஒருவரையும் அனுப்பக் கூடாது.