வீட்டு வரிக்கு மொய் எழுதியவர்

காவிரித் தண்ணீர் பாயும் ஊர்களிலேயே அரசாங்கத்துக்கு மொய் எழுதிய ஒரே மனிதர் அவர்தான். இன்னொருத்தர் இருந்தால் கூட்டி வாருங்கள், காலில் விழுகிறேன்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி அலுவலகம். அதில் வரி வசூலிக்கும் கவுன்ட்டரில் நான் உட்கார்ந்திருந்தேன். வீட்டு வரி அறுநூற்று நாற்பது என்றால் அவர் அறுநூற்று நாற்பத்தொன்று நீட்டுவார்.

"அண்ணே, ஒரு ரூபா அதிகமா இருக்கு."

"இருக்கட்டும் சார். முழுசா கட்டினா இத்தோட முடிஞ்சுதுன்னு ஆயிடும். ஒரு ரூபா சேர்த்து வெச்சாத்தான் போக்குவரத்து இருக்கும்."

"இது கல்யாண மொய் இல்லண்ணே. வீட்டு வரி."

"ஏன், கவர்மென்ட்டோட நமக்குப் போக்குவரத்து வேணாமா?"

கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்தால் என் சட்டைப் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டிவிடலாம். கூடினால்? ஆடிட்டுக்கு வருகிறவர் என்னைத்தான் திருடன் மாதிரி பார்ப்பார். நான் மறுப்பேன், அவர் மேஜையில் வைத்துவிட்டு நடையைக் கட்டுவார், நான் காசும் கையுமாகப் பின்னால் ஓடுவேன். அரசு ஊழியர் ஒருவர் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காகத் தெருவில் ஓடியதை எங்கள் ஊர் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கடைசியில் அலுவலக வாசலில் இருந்த பிள்ளையார் உண்டியலில் போடுவதென்று சமாதானம் ஆனோம். 'மொய்க்காரர்' என்ற பெயர் நிலைத்தது. சொந்தப் பெயர் எனக்கே மறந்துவிட்டது.

இத்தனைக்கும் அவர் கட்டிய வரி எதுவும் அவருடையதில்லை. ரைஸ் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிவிட்டார்கள். கல்யாணமும் ஆகவில்லை. அந்தச் சமயத்தில்தான் அவர் தெரு காலியாக ஆரம்பித்தது. ஒரு வீட்டுப் பையன் சிங்கப்பூர், இன்னொரு வீட்டுப் பையன் துபாய், ஸ்தேவான் வாத்தியாரின் பெண் எஸ்தர் கனடா. பெற்றவர்கள் இருந்தவரை விளக்கு எரிந்தது. பிறகு பூட்டுதான். புறப்படுகிற ஒவ்வொருவரும் சாவியை மொய்க்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் நடந்து வந்தால் கோயில் யானை வருகிறதோ என்று திரும்பிப் பார்க்க வேண்டும், இடுப்பில் அத்தனை சாவி.

வரி கட்டுகிற காலம் வந்தால் அவருக்குத் தீபாவளி. வெளிநாட்டிலிருந்து பணம் வரும், போன் மேல் போன் வரும். பணம் கட்டி முடித்ததும் எங்கள் வராந்தாவிலேயே நின்று, கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்று கத்துவார்.

"கட்டியாச்சும்மா எஸ்தர்! ரசீது நம்பர் எழுதிக்க... என்னது, அங்க ராத்திரியா? சரி சரி, நம்பரை எழுதிக்கிட்டுத் தூங்கு!"

அப்புறமும் அந்தப் பெண் தூங்கிவிட முடியாது. வாய்க்காலில் தண்ணீர் வந்தது, நாற்றங்கால் விட்டது, அவர்கள் வீட்டுக் கொல்லையில் மாமரம் பூத்தது எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் போனை வைப்பார். வைத்ததும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. கல்யாண வீட்டுக்காரர் சிரிப்பு அது.

பிறகு ஆன்லைன் வந்தது. இருந்த இடத்திலிருந்தே வரி கட்டலாம் என்று கவுன்ட்டருக்கு மேலே போர்டு மாட்டினோம். அவர் அதை நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்.

"இதுல ஒரு ரூபா சேர்த்துக் கட்ட முடியுமா சார்?"

"முடியாதுண்ணே. சரியான தொகையைத்தான் எடுத்துக்கும்."

"ரொம்பக் கறாரா இருக்கே!"

எனக்கு நிம்மதிதான். ஓட்டம் மிச்சம். ஆனால் துபாய்க்காரர் அங்கிருந்தே கட்டிவிட்டார். சிங்கப்பூர்க்காரரும் கட்டினார். யாரும் அவரை மறந்துவிட வேண்டும் என்று நினைக்கவில்லை, போன் பண்ணக் காரணம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். அவர் மட்டும் வழக்கம்போல வந்து ஜன்னலில் குனிவார்.

"சிங்கப்பூர் வீட்டுக்கு எதாவது நிலுவை இருக்கா சார்?"

"இல்லண்ணே."

"தண்ணி வரி?"

"அதுவும் கட்டிட்டாங்க."

நிலுவை இருக்கிறது என்றால் முகம் சுருங்குகிறவர்களைத்தான் நான் சர்வீஸ் முழுக்கப் பார்த்திருக்கிறேன். இல்லை என்றதும் முகம் வாடிய மனிதர் இவர் ஒருத்தர்தான். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு நாள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். எஸ்தர் கனடாவிலிருந்து வரி கட்டியிருக்கிறாள். பேங்கில் பணம் போய்விட்டது, இங்கே வரவு வரவில்லை. கம்ப்யூட்டர் அவள் பணம் கட்டவே இல்லை என்று சாதித்தது. அவள் பதறிப்போய் மொய்க்காரரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"மேலிடத்துக்கு எழுதிட்டேண்ணே. சீக்கிரம் சரியாயிடும்" என்றேன்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

"நேத்தும் பேசுச்சு சார். மாமா, சாப்பிட்டீங்களான்னு கேட்டுது. அவங்கப்பா சிரிக்கிற மாதிரியே சிரிக்குது." ஜன்னலுக்குள் தலையை நுழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "அவசரம் ஒண்ணும் இல்ல சார். மெதுவாவே சரி பண்ணுங்க."

மெதுவாகச் சரி பண்ணும் அதிகாரம் மட்டும் எனக்கு இருந்திருந்தால், அந்தக் கோளாறை நான் ரிடையர் ஆகும் வரை இழுத்திருப்பேன். அரசாங்கத்தில் எல்லாம் தாமதமாக நடக்கும் என்கிறார்கள். அது அந்த வாரமே தானாகச் சரியாகிவிட்டது.

"சரியாயிடுச்சாமே சார்" என்றார். யாரோ போய்விட்டதைக் கேள்விப்பட்டவர் மாதிரி சொல்லிவிட்டு, படியிறங்கிப் போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகு அவர் வரவில்லை. கவுன்ட்டரில் கூட்டமும் இல்லை, சண்டையும் இல்லை, எனக்குத்தான் பொழுது போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டிலிருந்து அவருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க சார்! எந்த வீட்டுக்கு?"

"எந்த வீட்டுக்கும் இல்லண்ணே. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா?"

போனில் சாவிக் கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது.

"இருங்க சார்" என்றார். "உக்காந்துக்குறேன்."